சோற்றை விட்டும் வயிறு உப்புகிறதே, ஏன்?

கேள்வி: எனக்கு 44 வயது. மும்பையில் முலுண்டில் இருக்கிறோம். ஃபோர்ட் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருஷமாகச் சாயங்காலம் நாலு மணி ஆனால் புடவைக் கட்டு இறுக்கும் அளவுக்கு வயிறு உப்பிவிடுகிறது. வாயு, புளித்த ஏப்பம். மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளிக்குப் போகிறது. சோறுதான் காரணம் என்று அத்தை சொன்னார், விட்டேன். அப்புறம் துவரம்பருப்பு, உருளைக்கிழங்கு, பால், தயிர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விட்டேன். இப்போது காலையில் வெந்நீரில் தேனும் எலுமிச்சையும், டீ, பதினோரு மணிக்கு ஓட்ஸ் கஞ்சி, மத்தியானம் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். சாயங்காலம் ரயில் ஏறும் முன் பசி தாங்காமல் ஒரு வடா பாவ், டீ. வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டுப் பத்து மணிக்கு இரண்டு சப்பாத்தி, ஒரு ஆப்பிள். உடனே படுக்கை. 64 கிலோ இருந்தவள் 60 ஆகிவிட்டேன். முடி கொட்டுகிறது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஒரு வருஷமாக கேஸ் மாத்திரை நானே வாங்கிப் போடுகிறேன். என் ஜீரண சக்தியே போய்விட்டதா? சாப்பாட்டோடு பழம் சாப்பிட்டால் வயிற்றில் அழுகிவிடும், தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துவிடும் என்கிறார்களே? ஏழு நாள் ஜூஸ் மட்டும் குடித்துக் குடலைச் சுத்தம் செய்யலாமா?

பதில்: அன்புச் சகோதரி,

உங்கள் ஜீரண சக்தி போய்விட்டதாக நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குத் தெரியவில்லை. உணவு உண்மையிலேயே செரிக்காமல் போகிறவர்களுக்கு மலம் எண்ணெய்ப் பிசுக்கோடு, வெளிறி, துர்நாற்றத்துடன் அடிக்கடி போகும். நன்றாகச் சாப்பிட்டும் எடை குறையும். உங்களுக்கோ மலச்சிக்கல். எடை குறைந்ததற்கும், நீங்கள் சாப்பிடும் அளவைப் பார்த்தால், காரணம் தேட ரொம்ப தூரம் போகவேண்டாம் என்றே தோன்றுகிறது. ஆனாலும் சில பரிசோதனைகள் கட்டாயம் வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், தயவுசெய்து அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சாப்பிட்டது வயிற்றுக்குள் எங்கெங்கே எவ்வளவு நேரம் இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் குழப்பத்தில் பாதி தீரும். வாயில் எச்சில் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. இரைப்பை அதை அமிலத்தில் ஊறவைத்துக் கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே தள்ளுகிறது. சாதாரணச் சாப்பாட்டுக்கு இதற்கு இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும். எண்ணெய் அதிகமானால் இன்னும் தாமதம். பெரிய வேலை நடப்பது ஆறு மீட்டர் நீளச் சிறுகுடலில். கணையநீரும் பித்தநீரும் வந்து சேர்ந்து மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்க, குடல் சுவர் உறிஞ்சிக்கொள்கிறது. இங்கே உறிஞ்சப்படாமல் மிஞ்சுவதுதான் ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே அது ஒரு நாளோ, இரண்டு நாளோ தங்கலாம்.

வாயு பெரும்பாலும் உண்டாவது இந்தக் கடைசி இடத்தில்தான். அங்கே கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மிஞ்சி வந்ததை அவை புளிக்கவைக்கும். நீங்கள் ராத்திரி அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதும் இதே வேலையால்தான்: பாக்டீரியா சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடுகிறது, மாவு எழும்புகிறது. குடலில் இதோடு ஹைட்ரஜனும், சிலருக்கு மீத்தேனும் சேரும். இது நோய் இல்லை. இந்தப் புளிப்பில் உண்டாகும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் சுவரின் செல்களுக்கு முக்கியமான உணவு. ஆகவே வாயுவே வரக்கூடாது என்று நினைக்காதீர்கள். எவ்வளவு வருகிறது, வெளியேற வழி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

இப்போது நீங்கள் விட்டதையும் வைத்துக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சூடான வெள்ளைச் சோற்றின் மாவுச்சத்து ஏறக்குறைய முழுவதும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். நாம் சாப்பிடும் தானியங்களில் மிகக் குறைவாக வாயு உண்டாக்குவது அரிசி. கோதுமையில் ஃப்ரக்டான் என்று ஒரு சர்க்கரைத் தொடர் இருக்கிறது. வெங்காயம், பூண்டிலும் அது உண்டு. அதை உடைக்கும் நொதி மனித உடலில் கிடையாது, அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடும். ஆப்பிளில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை அதிகம், கூடவே சார்பிட்டால் என்ற இன்னொரு இனிப்புப் பொருள். இரண்டையும் பலருடைய சிறுகுடல் முழுதாக உறிஞ்சாது. தேனிலும் ஃப்ரக்டோஸ்தான் மிகுதி. ஆக, சோற்றை நிறுத்திவிட்டு நாலு சப்பாத்தி, ஒரு பாவ், ஒரு ஆப்பிள், தேன் என்று மாறியதில், பெருங்குடலுக்குப் போய்ப் புளிக்கும் சரக்கை நீங்கள் கூட்டியிருக்கிறீர்கள். அத்தை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் பழி தவறான ஆள்மேல் விழுந்துவிட்டது.

இதைப் படித்துவிட்டு உடனே கோதுமையையும் விட்டுவிடாதீர்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்கள் பட்டியலில் விடுவதற்கு இனி எதுவும் மிச்சமில்லை. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இந்தப் புளிக்கும் சர்க்கரைகளை ஃபாட்மேப் என்ற பெயரில் வகைப்படுத்தி, குடல் எரிச்சல் நோய்க்கு ஓர் உணவுமுறையே வகுத்திருக்கிறார்கள். அதிலும் சில வாரங்கள் குறைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவருவதுதான் முறை. திரும்பக் கொண்டுவரும் பாதியை யாரும் வெளியே சொல்வதில்லை. நீங்கள் மத்தியானம் சோறு, இரவில் சப்பாத்தி என்று மாற்றினாலே கோதுமை பாதியாகும். ஆப்பிளுக்குப் பதில் ஆரஞ்சோ பப்பாளியோ, இங்கே எலச்சி என்று விற்கும் சின்ன மஞ்சள் வாழைப்பழமோ போதும். வெந்நீர் குடிக்கலாம், தேன் வேண்டாம்.

அடுத்தது மலச்சிக்கல். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன இதைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாக நினைக்கிறேன். மூன்று நாள் தங்கும் மலம் பாக்டீரியாவுக்குக் கூடுதல் நேரம் கொடுக்கிறது, உண்டான வாயு வெளியேறவும் தடையாகிறது. முலுண்டிலிருந்து வி.டி. ரயில் நிலையத்துக்குப் போகும் பெண்களிடம் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லோக்கலில் கழிப்பறை கிடையாது, ஸ்டேஷனில் இருக்கும் கழிப்பறைக்குள் போக மனம் வராது. அதனால் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு வாய்கூடக் குடிப்பதில்லை. பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைத்தால் ராத்திரிச் சமையலுக்குப் பட்டாணி உரித்துக்கொண்டு, அவரைக்காய் நறுக்கிக்கொண்டு வருகிற அதே பெண்கள், தங்கள் வயிற்றுக்கு ஒரு நாளில் பத்து நிமிஷம் ஒதுக்க முடியாமல் தவிக்கிறார்கள். இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. இந்த ஊரின் அமைப்பு அப்படி இருக்கிறது. அதற்குள் நாம் வழி தேடவேண்டும்.

உடலே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. தூங்கும்போது பெருங்குடலும் அடங்கியிருக்கும், விழித்ததும் அசையத் தொடங்கும். அந்த நேரத்தில் இரைப்பைக்குள் உணவு போனால், பெருங்குடலுக்கு இடத்தைக் காலி செய் என்று நரம்பு வழியாகச் செய்தி போகும். நாள் முழுக்க ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இது நடந்தாலும் காலையில்தான் மிக வலுவாக இருக்கும். நீங்கள் அந்த நேரத்தில் தேன் தண்ணீரையும் டீயையும் மட்டும் குடித்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறீர்கள். முதல் உணவு பதினோரு மணிக்கு, அலுவலகத்தில். அப்போது உந்துதல் வந்தாலும் அடக்கிவிடுவீர்கள். அடக்கிய மலத்திலிருந்து குடல் மேலும் தண்ணீரை உறிஞ்சும், அது இறுகும். தொடர்ந்து அடக்கினால் உந்துதல் வருவதே குறைந்துவிடும்.

ஆகவே காலையில் கிளம்புவதற்கு அரை மணி முன்னால் ஏதாவது சாப்பிடுங்கள். இரண்டு இட்லி போதும். அல்லது ஒரு வாழைப்பழமும் ஒரு சின்னக் கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியும். நம்மூர்க் கேழ்வரகு இங்கே எந்த மளிகைக் கடையிலும் நாச்னி என்று கேட்டால் கிடைக்கும். பால் நிறுத்திவிட்ட உங்களுக்கு அதன் கால்சியமும் தேவை. சாப்பிட்டுப் பத்து நிமிஷம் கழித்து, உந்துதல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழிப்பறையில் போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்கால் உயர்ந்திருக்கும்படி பாருங்கள். முக்கவேண்டாம், பத்து நிமிஷத்துக்குமேல் உட்காரவும் வேண்டாம். முதல் வாரம் ஒன்றும் நடக்காமல் போகலாம். விடாமல் செய்யுங்கள், பழகும். தண்ணீரில் பெரும்பகுதியைக் காலை ஒன்பதரையிலிருந்து மாலை நாலரைக்குள், அலுவலகத்தில் கழிப்பறை இருக்கும் நேரத்தில் குடித்து முடியுங்கள். வீடு வந்ததும் மிச்சம்.

சாயங்காலத்துக்கு வருவோம். வடா பாவை நான் விரோதியாகப் பார்க்கவில்லை. ஆசைக்கு என்றைக்காவது சாப்பிடலாம். ஆனால் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காயோடு மத்தியானத்தை ஒப்பேற்றிய உடம்பு ஆறு மணிக்கு எண்ணெய்ப் பண்டத்துக்குத் தவிப்பது இயற்கை. இரண்டாவது டப்பா ஒன்று எடுத்துப் போங்கள். அதில் தயிர்சாதம், கொஞ்சம் காய். அலுவலகம் விட்டுக் கிளம்புமுன் ஐந்தே முக்காலுக்கு உட்கார்ந்து, மென்று, நிதானமாகச் சாப்பிடுங்கள். அதுதான் உங்கள் இரவுச் சாப்பாட்டின் முதல் பாதி. காலையில் கட்டினால் தயிர் புளித்துவிடும் என்றால் பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் கலந்து கட்டுங்கள், சாயங்காலம் சரியாக இருக்கும். வீட்டில் மீதிப் பாதியை எட்டரை, ஒன்பதுக்குள் எல்லோரோடும் சேர்ந்து உட்கார்ந்து முடித்துவிடுங்கள். பாத்திரங்களை மேசையில் வைத்துவிட்டால் அவரவர் போட்டுக்கொள்வார்கள். பத்து மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்தால் இரைப்பை நிறைந்திருக்கும்போதே உடல் கிடைமட்டமாகிறது, அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுகிறது. உங்கள் புளித்த ஏப்பத்துக்கு முதல் காரணமாக நான் சந்தேகப்படுவது இதைத்தான். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கட்டும். இரவில் தயிர் கூடாது என்பதற்கு உடலியல் காரணம் எதுவும் இல்லை. பாலைவிடத் தயிரில் லாக்டோஸ் என்ற பால்சர்க்கரை குறைவு, இருப்பதைச் செரிக்கவும் அதன் பாக்டீரியாவே உதவும். அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் தயிர் ஒத்துக்கொள்ளும்.

பருப்பைப் பற்றி நீங்கள் பயப்படுவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. பருப்பு வகைகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கவும் நம்மிடம் நொதி இல்லை. ஆனால் பருப்பை விட்டதால் நீங்கள் இழந்ததைப் பாருங்கள். ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ உள்ள உங்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம். நீங்கள் எழுதிய உணவைக் கூட்டிப் பார்த்தேன், 30 கிராம் பக்கம்தான் வருகிறது. முடி கொட்டுவதற்கு இதுவே ஒரு காரணமாக இருக்கலாம். எனவே பருப்பு திரும்ப வரவேண்டும், ஆனால் மெதுவாக. பாசிப்பருப்பில் தொடங்குங்கள். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழைய வேகவைத்து, முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். குடல் பாக்டீரியாக்கள் சில வாரங்களில் பழகிக்கொள்ளும், வாயு முதலில் கூடிப் பிறகு தணியும். துவரம்பருப்பு அப்புறம். முளைகட்டிய பயறில் உசல் செய்வது மராட்டியர்களிடம் நாம் கற்றுக்கொள்ளவேண்டிய நல்ல பழக்கம். முளைக்கும்போது அந்தச் சர்க்கரைகள் குறைகின்றன. இட்லி, தோசையில் புளிக்கும்போதே ஓரளவு குறைந்துவிடுவதால் உளுந்துக்குப் பயப்படவேண்டாம். முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் ஒன்றில் ஆறு கிராம் புரதம் கிடைக்கும்.

காய்கறிக்கு வெள்ளரிக்காய் மட்டும் போதாது. மாதுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டு, புடலங்காய், பூசணி, அவரை, முருங்கைக்கீரை எல்லாம் கிடைக்கும். உங்கள் பக்கத்துச் சந்தையில் கிடைக்கும் தூதியும் துரையும் நம் சுரைக்காயும் பீர்க்கங்காயும்தான். நாளுக்கு இரண்டு கிண்ணம் வேகவைத்த காய். ஒரே நாளில் கூட்டினால் மறுபடி உப்பும், அதனால் இதுவும் படிப்படியாக.

பழம் அழுகுமா என்று கேட்டீர்கள். அழுகாது. 1822ல் அமெரிக்காவில் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்குத் துப்பாக்கிக் குண்டு பட்டு, வயிற்றில் ஏற்பட்ட துளை மூடாமலே காயம் ஆறியது. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ மருத்துவர் பட்டு நூலில் உணவைக் கட்டி அந்தத் துளைவழியாக இரைப்பைக்குள் இறக்கி, எவ்வளவு கரைந்தது என்று எடுத்து எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீர் இறைச்சியையே அழுகவிடாமல் கரைக்கிறது என்பதை அவர் 1833ல் எழுதியே வைத்திருக்கிறார். அவ்வளவு அமிலத்தில் ஒரு துண்டுப் பப்பாளி அழுக வழியில்லை. அந்த மனிதர் கோபப்பட்டபோது செரிமானம் கெட்டதையும் போமான்ட் குறித்திருக்கிறார். அவசரத்திலும் எரிச்சலிலும் சாப்பிடும் நமக்கு அது முக்கியம். தண்ணீர் விஷயமும் இப்படித்தான். ஒரு நாளில் நம் உடலே எச்சில், இரைப்பை நீர், பித்தம், கணையநீர் என்று ஏழு லிட்டர் அளவுக்குக் குடலுக்குள் சுரக்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது.

ஜூஸ் வேண்டாம். கழிவை நீக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் இப்போதே செய்துகொண்டிருக்கின்றன. ஏழு நாள் நார்ச்சத்தும் புரதமும் இல்லாத சர்க்கரைத் தண்ணீர் குடிக்கும் நிலையில் உங்கள் உடம்பு இல்லை.

இனி மாத்திரை. நீங்கள் பெயர் எழுதவில்லை. பான்டோபிரசோல், ஒமிபிரசோல், ராபிபிரசோல் வகை என்றால், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் வருஷக்கணக்கில் போடக்கூடாது. உணவில் உள்ள வைட்டமின் பி12 பிரிந்து வர இரைப்பை அமிலம் வேண்டும். இந்த மாத்திரைகள் அமிலத்தைக் குறைப்பதால் நாளடைவில் பி12 குறையலாம். தயிரும் பாலும் விட்டவருக்கு பி12 வரும் வழியே குறுகிவிட்டது. ஆனால் நாளைக்கே நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து எரிச்சல் வரும். மருத்துவர் சொல்படி குறைக்கவேண்டும்.

மருத்துவரைப் பார்க்கச் சொல்வது சம்பிரதாயத்துக்காக அல்ல. படி ஏறினால் மூச்சு வாங்குவது இரத்தசோகையாக இருக்கலாம். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு அது இரத்தசோகைதான். அதோடு உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, தைராய்டு, சர்க்கரை. கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் உடலின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும் சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் அது சரியாகக் காட்டும், விடவேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்பது தாண்டிய பெண்ணுக்கு மாதக்கணக்கில் உப்புசம் ஓயாமல் இருந்தால் வயிறு, கர்ப்பப்பை, சினைப்பை ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுவது நல்லது. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. இருந்தால் சீக்கிரம் தெரியவேண்டியது அது. மலத்தில் ரத்தம், கறுத்த மலம், விழுங்கும்போது அடைப்பு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சரியாகச் சாப்பிட்ட பிறகும் எடை இறங்குவது — இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் குடல் நோய் நிபுணரிடம் போங்கள். தனியார் மருத்துவமனைச் செலவு பாரமாக இருந்தால் பரேலில் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் அந்தத் துறை இருக்கிறது, உங்கள் ரயில் பாதையிலேயே.

இரத்தசோகை என்று தெரிந்து இரும்பு மாத்திரை கொடுத்தால், டீக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கும் அப்படியே. டீயிலுள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காலையில் தேனோடு போன எலுமிச்சையைச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து காயின்மேல் பிழிந்துகொள்ளுங்கள். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். சில இரும்பு மாத்திரைகள் மலச்சிக்கலைக் கூட்டும், அப்படி ஆனால் நீங்களே நிறுத்தாமல் மருத்துவரிடம் வேறு கேளுங்கள்.

முதல் வாரம் காலை இட்லியும் சாயங்கால டப்பாவும் மட்டும். இரண்டாவது வாரம் மத்தியானச் சோறும் பாசிப்பருப்பும். ஒரே சமயத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரியாமல் போகும். ஒரு நோட்டில் சாப்பிட்ட நேரத்தையும் வயிறு உப்பிய நேரத்தையும் குறித்து வையுங்கள். ஆறு வாரம் கழித்து அந்தக் குறிப்பையும் பரிசோதனை எண்களையும் மாத்திரையின் பெயரையும் எழுதுங்கள். பால் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அப்போது பார்க்கலாம்.